வாசகர் கேள்வி – பதில்: ஆஸ்பத்திரியில் பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், சம்பளம் 17,500 ரூபாய். போன வருஷம் நாக்கில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து கரண்ட்டும் வைத்தார்கள். இப்போது கழுத்தில் கட்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்) ஊசிதான் வழி, ஒரு தடவைக்கே லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார் டாக்டர். நகையெல்லாம் அடகில். பிள்ளைகளுக்கு 6 வயது, 3 வயது. யாரிடம் போய்க் கேட்பது?
– பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, யாரிடமும் கேட்பதற்கு முன் கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 132 ரூபாய் பிடித்திருக்கிறதா? 17,500-க்கு 0.75 சதவீதம் அவ்வளவுதான் வரும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறை என்றால் முதலாளி பதிந்தே ஆக வேண்டும். பல குடும்பங்கள் இதை மறந்துவிட்டு நேராகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைப்பணத்தைக் கரைக்கின்றன.

போக வேண்டிய வரிசை இது: இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, அங்கிருந்து இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, அங்கே தரும் பரிந்துரைக் கடிதத்துடன் ஒப்பந்தத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி. கடிதம் இல்லாமல் நீங்களாகச் சேர்ந்துவிட்டு பில்லைப் பின்னால் நீட்டினால் பெரும்பாலும் இழுபறிதான். அவருடைய 10 இலக்கக் காப்பீட்டு எண், பயாப்ஸி ரிப்போர்ட், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். 2 வருஷம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, பணம் கட்டிய நாள் கணக்கும் சரியாக இருந்தால், புற்றுநோய்க்காக வேலைக்குப் போக முடியாத காலத்தில் சராசரிக் கூலியில் 80 சதவீதம் நீடித்த நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அதனால் வேலையை ராஜினாமா செய்யச் சொல்லி யார் சொன்னாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். 17,500 சம்பளம் ஓடிக்கொண்டிருந்தால் தாண்டிவிடும். வேலை நின்று வருமானமும் நின்றுவிட்டது என்றால் அந்த நிலைமையை உள்ளபடி சொல்லி வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். இடைத்தரகர் வாங்கித்தரும் சான்றை மட்டும் தொடாதீர்கள். பொய்ச் சான்று என்று தெரியவந்தால் சிகிச்சை நடுவில் நின்றுபோகும்.

இனி ஊசி விஷயம். டாக்டரிடம் இரண்டு கேள்விகளைத் துணிந்து கேளுங்கள். முதலாவது: இது நோயை முழுதாகக் குணமாக்கவா, ஆயுளை நீட்டி வலியைக் குறைக்கவா? பதில் எதுவானாலும் அதைத் தெரிந்துகொண்டுதான் வீட்டை அடகு வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். இரண்டாவது: நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் குறைந்த அளவில் போடுவது இவருக்குப் பொருந்துமா? மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. வழக்கமாக 2 வாரத்துக்கு 240 மில்லிகிராம் போடும் மருந்தை, 3 வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், வாய்வழி மாத்திரைகளுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 43.4 சதவீதம்; மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 16.3 சதவீதம். இது குணமாக்கும் சிகிச்சை இல்லை, எல்லாருக்கும் பொருந்தும் என்றும் இல்லை. ஆனால் செலவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். சின்ன வயலே (மருந்துக் குப்பி) 40 மில்லிகிராம் என்பதால் ஒருவருக்கு மட்டும் உடைத்தால் பாதி வீணாகும். இரண்டு நோயாளிகளை ஒரே நாளில் வரச்சொல்லி ஒரு வயலைப் பகிர்ந்து போட முடியுமா என்றும் விசாரியுங்கள்.

முழு அளவுதான் வேண்டும் என்றால், மருந்துக் கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். சில திட்டங்களில் இத்தனை ஊசி வாங்கினால் மீதி இலவசம். டாக்டர் மூலமாகப் பதிய வேண்டும். அசல் பில்லையும் காலி அட்டைப்பெட்டியையும் கேட்பார்கள், குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். படிவம், ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டின் அசல், வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், 2 போட்டோ. உங்கள் எம்.பி.யின் கடிதம் கட்டாயமில்லை, இருந்தால் நல்லது. பணம் ஆஸ்பத்திரிக்கே போகும், செலவில் ஒரு பகுதிதான் வரும். கட்டி முடித்த பில்லுக்குக் கேட்காமல், இனி ஆகப்போகும் செலவின் எஸ்டிமேட்டை வைத்துக் கேளுங்கள். அதிலும் ‘மொத்தம் இவ்வளவு’ என்ற ஒற்றை வரி போதாது. நோயின் பெயர், மருந்து, எத்தனை தவணை, ஒவ்வொன்றின் விலை, தேதி, டாக்டரின் சீல் எல்லாம் இருக்கட்டும்.

கேள்வி: கல்யாணமாகி 4 வருஷம் ஆகிறது. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என் பெயரில் இருக்கிறது, ஆனால் மனைவிக்குச் செல்லாது என்கிறார்கள்.
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: மனைவியின் பெயர் இன்னும் அவருடைய அப்பா வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். இளம் தம்பதிகளிடம் அடிக்கடி வரும் சிக்கல் இது. அங்கே நீக்கி, உங்கள் கார்டில் சேர்த்து, பிறகு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் குடும்ப விவரத்தைத் திருத்துங்கள். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கட்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993. ஆஸ்பத்திரி காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதி வந்த பிறகே கீமோவைத் தொடங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் நிதி திரட்டலாமா?
– வாசகி, கோவை

பதில்: திரட்டலாம், ஆனால் மேலே சொன்னவற்றைக் கேட்டுப் பார்த்த பிறகு. தளம் எவ்வளவு கட்டணம் பிடிக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் நேரே ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போகட்டும். கொடுப்பவர்களுக்கும் நம்பிக்கை வரும். ஆதார், பாஸ்புக் படங்களைப் போடவே கூடாது. குழந்தையின் படத்தை எடுத்துத் தங்கள் கியூ.ஆர். கோடை ஒட்டிப் பரப்புகிறவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை உங்கள் வேண்டுகோளை நீங்களே தேடிப் பாருங்கள். ‘உதவி பாஸ் ஆகிவிட்டது, புராசஸிங் ஃபீஸ் கட்டுங்கள்’ என்று போன் வந்தால் மோசடிதான். உறவினர் அல்லாதவர்கள் தந்தது ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிக் கணக்கில் வரும், அதனால் எல்லா பில்லையும் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சிகிச்சைக்காக அடிக்கடி சென்னை போக ரயிலில் சலுகை உண்டா?
– வாசகர், தென்காசி

பதில்: உண்டு. புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் சான்று வாங்கிக்கொண்டு கவுன்டரில் டிக்கெட் எடுங்கள்.