டியூப் போட்டு யூரின் எடுப்பவர்களுக்கு: சிஸ்டர் பதில்கள்

யூரின் தானாகப் போகாதவர்கள் நேரத்துக்கு நேரம் மெல்லிய டியூபை (கதீட்டர்) உள்ளே விட்டு, யூரினை வெளியேற்றி, டியூபை எடுத்துவிடுவது பற்றிய கேள்விகள் இவை. வீட்டில் தானே போடுபவருக்குக் கையுறை வேண்டாம், கழுவிய கை போதும் என்று நான் சொல்லிவருகிறேன்; அதைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: தண்டுவடத்தில் அடிபட்டு ஆறு மாதம் ஆகிறது. தினம் மூன்று தடவை டியூப் போடுகிறேன். வெளியே போனால் தண்ணீரே குடிப்பதில்லை. சரியா சிஸ்டர்?

பதில்: சரியில்லை தம்பி. பெரியவர்களுக்குப் பொதுவாக நாலிலிருந்து ஆறு தடவை வேண்டும். ஒவ்வொரு தடவையும் வரும் யூரினை ஒரு வாரம் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். உடம்புக்குள் யூரின் சேரும் பை அளவு மீறி விரிந்தால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. கிருமிக்கு அதுதான் வசதி. தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: டியூப் வழுக்கிப் போகத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: கூடாது. தண்ணீரில் கரையும் ஜெல் மட்டும்.

கேள்வி: யூரின் கல்ச்சரில் (கிருமி வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ஈ.கோலை என்ற கிருமி வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. மாத்திரை வேண்டுமா?

பதில்: டியூப் போடுபவர்களின் யூரினில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி, புதிதாகக் கசிவு, கால் இறுக்கம் கூடுவது, இவை வந்தால்தான் மருந்து. கர்ப்பிணிகளும் யூரின் பாதையில் ஆபரேஷன் செய்யப்போகிறவர்களும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கையுறை இல்லாமல் போடச் சொல்கிறீர்களே, எங்கள் வார்டில் அப்படிச் செய்ததே இல்லை. ஆபத்து இல்லையா?

பதில்: வார்டில் நீங்கள் செய்தது சரி. அங்கே இருப்பது ஆஸ்பத்திரிக் கிருமி, போடுவதும் அடுத்தவர் கை. வீட்டில் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவட டாக்டர் குட்மன் 1960களில் கிருமி நீக்கிய முறையைத்தான் வைத்திருந்தார். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் யூரின் பாதை டாக்டர் லாப்பிடிஸ், சுத்தமான கையும் சுத்தமான டியூபும் போதும், பை நேரத்துக்குக் காலியாவதுதான் முக்கியம் என்று எழுதினார். கையுறை தீர்ந்துபோச்சு என்று எட்டு மணி நேரம் அடக்கியவர் கிட்னி வீங்கி என் வார்டுக்கு வந்தார். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: அப்படியானால் ஒரே டியூபை மாதக்கணக்கில் போடலாமா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு தடவைக்கு ஒன்று என்பதே நல்லது. கட்டுப்படியாகாதவர்கள் டாக்டரைக் கேட்டு, உள்ளும் புறமும் சோப்பால் கழுவி, நன்றாக அலசி, முழுக்க உலர்த்துங்கள். விறைத்தால், நிறம் மங்கினால் எறியுங்கள். டெட்டாலில் ஊறவைக்காதீர்கள், மிச்சம் தங்கினால் உள்ளே எரியும்.

கேள்வி: எனக்கும் கல்ச்சர் பாசிட்டிவ்…

பதில்: மேலே சொல்லியாகிவிட்டது.

கேள்வி: கணவருக்குக் கழுத்தில் அடி. நேரம் தவறினால் மண்டை பிளக்கும் வலி, முகமெல்லாம் வியர்வை.

பதில்: அம்மா, இதை அசட்டை செய்யாதீர்கள். பை நிரம்பி பிரஷர் ஏறுகிறது. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், உடையைத் தளர்த்துங்கள், டியூப் போடுங்கள். டியூப் போகவில்லையா, வலி அடங்கவில்லையா, 108ஐக் கூப்பிடுங்கள்.