வாயைப் பொத்திய கை

கேள்வி: 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு 16 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். நிறம், பால், உடற்குறை என்று எதன் பேரிலும் யாரையும் ஒதுக்காமல் எல்லாரும் சேர்ந்து படிக்கும் வகுப்பு எங்களுடையது. "என் மகன் ஏன் பொம்மைக்குத் தலை வாருகிறான்?" என்று சண்டைக்கு வரும் பெற்றோரைச் சமாளித்தே ஓய்ந்துவிட்டேன். போன வாரம் பஸ்ஸில் ஊன்றுகோலோடு ஏறியவரைப் பார்த்து என் 4 வயது மகன், "அம்மா, அந்த மாமாவுக்கு ஒரு காலைக் காணோம்" என்று கத்தினான். வாயைப் பொத்தி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அவ்வளவு சோர்வு. இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பதவி வந்திருக்கிறது. வகுப்பை விட்டுப் போவது துரோகமா?

பதில்: துரோகமும் இல்லை, தியாகமும் இல்லை. வேலை மாற்றம், அவ்வளவுதான். பெற்றோர் சண்டை இந்தத் தொழிலோடு கூடவே வருவது. 16 வருடம் தாங்கியவருக்கு என் ஆறுதல் எதற்கு? போகிற போக்கில் ஒரு பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன்.

சோர்வு என்கிறீர்கள். சோர்ந்துபோனவர் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்வார். நீங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்றிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் வெட்கம், டீச்சர்.

அவன் என்ன தப்பாகச் சொல்லிவிட்டான்? கண்டதைச் சொன்னான். உங்கள் கை வாயில் விழுந்த பிறகுதான், அது பேசக் கூடாத சங்கதி என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த மனிதரையும் நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் கேட்பது அவருக்குப் பழகியிருக்கும். தன்னைப் பார்த்து ஒரு தாய் பஸ்ஸை விட்டே இறங்குவது?

அமெரிக்க உளவியலாளர்களான கென்னத், மேமி கிளார்க் தம்பதியின் பொம்மைச் சோதனையைப் படிக்காமல் இந்தத் துறைக்கு வந்திருக்க மாட்டீர்கள். 1940-களில், நிறம் தவிர வேறு வித்தியாசமே இல்லாத பொம்மைகளை 3 முதல் 7 வயதுக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தபோது கென்னத் கிளார்க்கின் கட்டுரையையும் அடிக்குறிப்பில் சேர்த்தது. மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்து யார் அதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? சட்டென்று தாழும் குரல், விலகும் பார்வை, இழுக்கும் கை. இதெல்லாம் போதும்.

1989-ல் அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸும் சக ஆசிரியர்களும் யாரையும் ஒதுக்காத உங்கள் வகுப்பின் இந்தப் பாடமுறையை எழுதிவைத்தபோதே, குழந்தையின் கேள்வியை மழுப்பாமல் அந்த வயதுக்கு ஏற்றபடி நேராகப் பதில் சொல்லச் சொன்னார்கள். வகுப்பில் நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள், சந்தேகமில்லை. அங்கே சம்பளம் உண்டு, மேற்பார்க்க ஆளும் உண்டு.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பொறுமையையெல்லாம் பள்ளியில் செலவழித்துவிட்டு மிச்சம்மீதியை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசிரியைகளின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. பெற்ற கடன் முதலில். என் கட்சி பழையதுதான், மாற்றிக்கொள்வதாக இல்லை.

இன்றிரவு அவனைத் தூங்கவைக்கும்போது நீங்களே பேச்சை எடுங்கள். "அன்னைக்கு பஸ்ஸுல நீ சொன்னது தப்பில்ல. அந்த மாமாவுக்கு ஒரு கால் இல்ல, ஊன்றுகோல் வச்சு நடக்கறார். அம்மாதான் பதில் சொல்லத் தெரியாம உன் வாயைப் பொத்திட்டேன்." ஏன் கால் இல்லை என்று கேட்பான். "எனக்குத் தெரியாதுடா. அது அவர் விஷயம், அவரா சொன்னாத்தான் உண்டு." போதும். 'பாவம்' என்ற சொல் மட்டும் வாயில் வரவே கூடாது. அதற்குப் பொத்திய கையே தேவலை.

பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாள் பயிற்சியில் வகுப்பறைச் சாதனைகளை ஓரமாக வைத்துவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கிய கதையைச் சொல்லுங்கள். அதைச் சொல்ல நா எழவில்லை என்றால், இன்னும் ஒரு வருடம் அந்தக் குழந்தைகளோடேயே இருங்கள்.