மருந்திலிருந்து தப்பிய வைரஸ் ஏன் மெலியவில்லை?

தர்மபுரியில் எங்கள் அறிவியல் வட்டம் கூடிய ஞாயிறு, வைரஸ் நொதிகளில் வரும் ஈடுகட்டும் மாற்றங்கள் பற்றி என்னைக் கேட்டவையும் நான் சொன்னவையும்.

பாலக்கோடு, பிளஸ் டூ மாணவி: ஈடுகட்டும் மாற்றம் என்றால் என்ன சார்?

மருந்திலிருந்து தப்பிக்க நொதி ஓரிடத்தில் மாறுகிறது. அதில் நொதிக்கே கொஞ்சம் பலம் குறையும். இன்னோர் இடத்து மாற்றம் அந்தக் குறையைச் சரிக்கட்டினால், அதுதான்மா ஈடு.

காவேரிப்பட்டணம், மாந்தோப்புக்காரர்: புரியற மாதிரி ஒரு உதாரணம் சொல்லு தம்பி.

ஃப்ளூ வைரஸ் இருக்கிறதே, செல்லில் பெருகி வெளியே வந்ததும் செல்லின் மேலுள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு தொங்கும், காம்பில் மாங்காய் தொங்குவதுபோல. அறுத்துவிடும் தொரட்டிதான் நியூராமினிடேஸ் என்ற நொதி. ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து, அதாவது டாமிஃப்ளூ, தொரட்டியின் வாயை அடைத்துவிடுகிறது. நொதி என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதன் 274-வது இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் போய் டைரோசின் வந்தால் மருந்து அங்கே சரியாக உட்காராது. (சில கட்டுரைகளில் 275 என்றிருக்கும். எண்ணும் முறைதான் வேறு, இடம் ஒன்றே.) ஆனால் அப்படி மாறிய நொதி செல்லின் மேற்பரப்புக்குக் குறைவாகத்தான் வந்து சேரும். தோப்பு நிறையக் காய், தொரட்டி நாலு. இது எங்கே பரவப்போகிறது என்றுதான் பலரும் இருந்தார்கள். ஆனால் 2007-08 குளிர்காலத்தில் இதே மாற்றத்தோடு நார்வேயில் கண்ணில் பட்ட எச்1என்1 என்ற ஃப்ளூ வகை, அடுத்த வருஷத்துக்குள் உலகம் சுற்றிவிட்டது.

அரூர், ஆசிரியர்: அப்புறம் எது கைகொடுத்தது?

அதே நொதியில் 222, 234 ஆகிய இடங்களில் நடந்த மாற்றங்கள். அவை நொதியைக் கூடுதலாக மேற்பரப்புக்குக் கொண்டுவந்தன என்று 2010-ல் ஆய்வாளர்கள் ஜெஸ்ஸி ப்ளூம், லிஸி காங், டேவிட் பால்டிமோர் காட்டினார்கள். எனக்குப் பிடித்தது அந்த வரிசை: ஈடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது, மருந்தெதிர்ப்பு பின்னால் வந்தது.

ஓசூர், மருந்துக்கடைக்காரர்: எச்ஐவியிலும் உண்டா?

உண்டு. புரதங்களை வெட்டும் அதன் நொதியான புரோட்டியேஸில், நெல்ஃபினாவிர் என்ற எச்ஐவி மருந்திடமிருந்து தப்ப 30-வது இடத்தில் மாற்றம், 88-வது இடத்தில் ஈடு. சில சமயம் நொதி வெட்டவேண்டிய, வைரஸின் சொந்தப் புரதமான காக்கே வெட்டுமிடத்தில் மாறிக்கொடுக்கும். அரிவாள் மழுங்கியதால் கரும்பு இளகிக்கொடுத்த கதை!

மாணவி மறுபடியும்: மருந்தை நிறுத்தினால் வைரஸ் பழையபடி ஆகிவிடாதா?

ஈடு வராதவரை ஆகலாம். வந்துவிட்டால் அவசரமில்லை, மெலிவுதான் தீர்ந்துவிட்டதே. சில சமயம் இரண்டு மாற்றங்களில் ஒன்றை மட்டும் விட்டால் வைரஸின் நிலைமை இன்னும் மோசமாகும்.

மருந்துக்கடைக்காரர்: அப்போ டாமிஃப்ளூ இப்ப வேலைக்காகாதா?

ஆகும். 2009-ல் வந்த பன்றிக்காய்ச்சல் வைரஸ் அந்தப் பழைய எச்1என்1-ஐத் துரத்திவிட்டது. புதியது பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்பட்டது. ஆனால் சீட்டில்லாமல் கொடுக்காதீங்கண்ணா.