செல்லக் கிளி முறுக்கும் பிஸ்கட்டும் கேட்டுக் கத்தினால் கொடுக்காமல் இருப்பது எப்படி?

கேட்டவர் வீட்டில் ஒரு காக்டெயில் (cockatiel என்ற சின்னக் கொண்டைக் கிளி) இருக்கிறது. யார் எதைத் தின்றாலும் தோளில் வந்து உட்கார்ந்து பங்கு கேட்கிறது, கொடுக்காவிட்டால் பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்கும்படி கத்துகிறது. உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தும் கை தானாகப் போய்விடுகிறது, என்ன செய்வது என்கிறார்.

பெரம்பூரில் எங்கள் வீட்டில் இரண்டு காக்டெயிலும், சன் கொன்யூர் என்ற மஞ்சள் நிறச் சின்னக் கிளி ஒன்றும் இருக்கின்றன. கூடவே, தின்னக் கொடுப்பதுதான் பாசம் என்று நம்புகிற ஒரு பெரிய குடும்பமும் இருக்கிறது. இதில் மன உறுதியை நம்பிப் பயனில்லை என்பது என் கட்சி. சாயங்காலம் நாலு மணிக்குக் காபியோடு உட்காரும்போது யாருக்கும் மன உறுதி இருக்காது. கொடுக்கும் ஆசை பாட்டுக்கு இருக்கட்டும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் மாற்றுங்கள்.

முதலில், கிளி எதற்குக் கேட்கிறது என்று பாருங்கள். கிளிகள் கூட்டமாக இரை தேடுபவை. ஒன்று தின்ன ஆரம்பித்தால் மற்றதும் வந்து சேர்ந்துகொள்ளும். வீட்டில் அதன் கூட்டம் நாம்தான். நாம் தட்டோடு உட்கார்ந்தால் அதுவும் பந்தியில் உட்காரப் பார்க்கிறது. தட்டில் முறுக்கு இருப்பதால் முறுக்கைக் கேட்கிறது, அவ்வளவுதான். ருசி விஷயத்தில் கிளி நம் அளவுக்குக் கிடையாது. நமக்கு ஆயிரக்கணக்கில் சுவை மொட்டுகள் உண்டு, கிளிக்குச் சில நூறுதான். கிளிகளுக்கு இரை வைத்துப் பேர் வாங்கிய கேமரா சேகர் ராயப்பேட்டையில் மொட்டை மாடியில் பலகை போட்டு வைத்ததை நினைத்துப் பாருங்கள். வெறும் ஊறவைத்த அரிசி. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் தினமும் வந்து இறங்கின.

நீங்களே சோதித்துப் பாருங்கள். பச்சைக் கேரட்டை அதன் கிண்ணத்தில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதே கேரட்டை அதற்கு எதிரே உட்கார்ந்து நீங்கள் நறுக் நறுக்கென்று கடித்துத் தின்னுங்கள், கொஞ்ச நேரத்தில் கையில் இருப்பதைப் பிடுங்க வரும். சில பறவைகள் இரண்டு மூன்று நாள் பிகு செய்யும். விடாமல் செய்யுங்கள்.

சரி, பாதி பிஸ்கட் கொடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். மாரி பிஸ்கட் ஒன்று சுமார் 6 கிராம். பாதி என்றால் 3 கிராம். காக்டெயிலின் எடையே 90 கிராம் சொச்சம். 60 கிலோ ஆளுக்கு அதே விகிதம் போட்டால் 2 கிலோ பிஸ்கட் வரும். பறவை தன் எடைக்கு நம்மைவிட அதிகம் தின்னும் என்பது உண்மைதான். ஆனாலும் காக்டெயில் ஒரு நாளைக்குத் தின்பதே பத்துப் பதினைந்து கிராம். அதில் 3 கிராம் மைதாவும் சர்க்கரையுமாகப் போனால் மிச்ச இடத்தில் என்ன சத்து ஏறும்? முறுக்கு, மிக்சர், சிப்ஸில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சின்னச் சிறுநீரகம் அவ்வளவு உப்பைத் தாங்காது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கிளி பச்சை மிளகாயை அநாயாசமாகத் தின்கிறதே, மிக்சர் என்ன செய்யும் என்பார்கள். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, அதை உணரும் அமைப்பு அவற்றுக்கு வேறு மாதிரி. அதனால் மிளகாய் தாராளமாகக் கொடுக்கலாம், பழுத்த மிளகாயில் நல்ல சத்தும் உண்டு. மிக்சரில் காரம் பிரச்சினையே இல்லை, உப்பும் எண்ணெயும்தான் பிரச்சினை.

எங்கள் வீட்டில் வேலை செய்த ஒரே வழி டப்பா. காலையிலேயே அன்றைக்கான தின்பண்டத்தை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுவோம். மாதுளை முத்து, வேகவைத்த சோளம், கேரட் துண்டு, தினைக் கதிரில் ஒரு துணுக்கு. யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். முதலில் மாமனார் ஒப்புக்கொள்ளவில்லை. "குழந்தை கேக்குது, பாவம், ஒரு துண்டு பிஸ்கட்ல என்னம்மா இருக்கு?" என்றார். தடுத்துப் பேசாமல் டப்பாவையே அவர் கையில் கொடுத்துவிட்டேன். "மாமா, இனிமே இது உங்க பொறுப்பு. யார் எடுத்தாலும் உங்களைக் கேட்டுத்தான் எடுக்கணும்." இப்போது என் பிள்ளைகள் கூடுதலாக ஒரு சோளம் எடுத்தால்கூடச் சத்தம் போடுகிறவர் அவர்தான். பெரியவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று சொன்னால் மனசு கஷ்டப்படும், ஒளித்துக் கொடுப்பார்கள். கொடுக்கிற உரிமையையே அவர்களிடம் விட்டுவிட்டால் கணக்காக இருப்பார்கள்.

தின்பண்டம் என்று கொடுப்பது மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இதில் எனக்குக் கிளி ஜோசியக்காரர்தான் முன்மாதிரி. கூண்டைவிட்டு வந்து சீட்டை எடுத்துக் கொடுத்தால் ஒரு நெல். அதற்கு மேல் கிடையாது. (பச்சைக்கிளியை அடைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதனால் அந்தத் தொழிலை நான் ஆதரிக்கவில்லை. கூலியின் அளவை மட்டும் சொல்கிறேன்.) நம் வீட்டிலும் வேலைக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். கைமேல் ஏறினால் ஒரு விதை, கூண்டுக்குத் தானாகத் திரும்பினால் ஒரு விதை. சூரியகாந்தி விதையை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதையே கிண்ணம் நிறைய வைத்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும், வைட்டமின் ஏ குறைந்து மூக்கு, மூச்சுக்குழாய்த் தொல்லைகள் வரும்.

கத்துவதைப் பற்றி. கத்தும்போது கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்கிறது. பத்து தடவை மறுத்துவிட்டுப் பதினோராவது தடவை கொடுத்தால் இன்னும் மோசம். விடாமல் கத்தினால் கட்டாயம் கிடைக்கும் என்று பிடித்துக்கொள்ளும். நிறுத்த முடிவு செய்துவிட்டால் முதல் சில நாள் கத்தல் கூடத்தான் செய்யும், அந்த நேரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தோற்றுப்போகிறார்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். கத்தும்போது திரும்பிப் பார்க்க வேண்டாம், திட்டவும் வேண்டாம், திட்டுவதும் அதற்குக் கவனிப்புதான். வாயை மூடிய நொடியிலோ விசிலடித்த நொடியிலோ டப்பாவைத் திறங்கள். இன்னொரு வழி, நீங்கள் காபிக்கு உட்காரும் முன்பே அதற்கு வேலை கொடுத்துவிடுவது. கொட்டாங்குச்சியில் கொஞ்சம் தினையைப் போட்டு மேலே காகிதத்தைக் கசக்கி அடைத்துக் கொடுத்தால் கிழித்துத் தேடிக்கொண்டிருக்கும். சும்மா வைத்த இரையைவிடத் தோண்டி எடுக்கும் இரையைக் கிளிகள் பல நேரம் அதிகம் விரும்பும்.

நம் சமையலறையிலேயே நல்லது நிறைய இருக்கிறது. முருங்கைக்கீரையைக் காம்போடு தொங்கவிட்டால் எங்கள் சன் கொன்யூர் உரித்துத் தள்ளிவிடும். கொத்தமல்லி, பரங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளி, முளைகட்டிய பச்சைப்பயறு, கொய்யா, பப்பாளி எல்லாம் சரி. நவராத்திரியில் சுண்டல் செய்யும்போது உப்பும் தாளிப்பும் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து வைத்துவிடுங்கள், ஒன்பது நாளும் டப்பா நிறைந்துவிடும். ராஜ்மா, மொச்சை போன்றவை நன்றாக வெந்திருக்க வேண்டும், பச்சையாகக் கூடாது. சென்னை வெயிலில் ஈரமான உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள். வேர்க்கடலையை நான் தவிர்த்துவிடுகிறேன். இந்தப் புழுக்கத்தில் பூசணம் பிடித்தால் அதில் சேரும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், கண்ணுக்கும் தெரியாது.

பால் சாதம், பால் சேர்த்த இனிப்பு வேண்டாம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை பறவைகளுக்குச் செரிக்காது. உங்கள் வாயிலிருந்து நேராகக் கொடுப்பதும் வேண்டாம், நம் எச்சிலில் உள்ள கிருமிகள் அவற்றுக்கு ஆகாது. பெட்டைக் காக்டெயில் என்றால் இன்னொரு காரணமும் இருக்கிறது. கொழுப்பும் மிருதுவான உணவும் தாராளமாகக் கிடைத்தால் குஞ்சு வளர்க்க இது நல்ல காலம் என்று அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். ஆண் இல்லாமலே முட்டைமேல் முட்டை போடும், உடம்பில் கால்சியம் தீரும், கடைசியில் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். உயிருக்கே ஆபத்து.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை அளவைப் பொறுத்தவை. சாக்லேட், காபி, டீ, மது, ஜூஸ் கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் அவகாடோ இவற்றில் அளவுப் பேச்சே கிடையாது, துளியும் கூடாது. ஃபில்டர் காபி டம்ளரில் அலகை விடுவதைப் பார்த்து வீடியோ எடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். வெங்காயம், பூண்டும் வேண்டாம், ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிடுங்கள்.

தப்பித்தவறி அவகாடோவோ சாக்லேட்டோ தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்கிறேன், பால் ஊற்றுகிறேன் என்று கை வைத்தியம் எதுவும் வேண்டாம். கூண்டைத் துணியால் மூடி, என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பறவை பார்க்கும் மருத்துவரிடமோ கிளம்புங்கள். நாய், பூனை பார்க்கும் கிளினிக் எல்லாவற்றிலும் பறவை பார்க்க மாட்டார்கள், பறவை பார்ப்பவரின் போன் நம்பரை இன்றைக்கே விசாரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளி நோயை மறைக்கும், ஆனால் எடை மறையாது. வாரம் ஒருநாள் காலையில், இரை வைப்பதற்கு முன்னால் நிறுத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.