மைக்கேல் ஜோர்டான் 1993-இல் ஓய்வு பெறாமல் இருந்திருந்தால் அவருடைய கூடைப்பந்து அணி சிகாகோ புல்ஸ், அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் தொடர்ந்து எட்டுக் கோப்பை வென்றிருக்குமா?

வென்றிருக்காது என்பதுதான் என் கட்சி. ஜோர்டான் ரசிகனாக இருந்துகொண்டே இதைச் சொல்வதால் நண்பர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

1991, 92, 93 மூன்றும் புல்ஸ் கோப்பை. ஜோர்டான் திரும்பி வந்தபின் 1996, 97, 98 மூன்றும் அவர்களுடையதே; நடுவில் விட்ட இரண்டையும் சேர்த்துத்தான் எட்டு என்கிறார்கள். முதல் மூன்றுக்கு நடுவில் 1992 கோடையில் பார்சிலோனா ஒலிம்பிக் வேறு. 1993 ஜூலையில் அவருடைய அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். அக்டோபரில் ஓய்வை அறிவித்தார், அடுத்த வருடம் அமெரிக்காவின் பர்மிங்காமில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார். உடம்பும் மனசும் ஓய்ந்துபோன மனிதர் இன்னும் ஐந்து சீசன் அதே வேகத்தில் ஓடியிருப்பார் என்று எப்படி நம்புவது?

எட்டு என்று கணக்குப் போடுகிறவர்கள், 1993 அணியும் 1996 அணியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீரர்களில் ஜோர்டானையும் பிப்பனையும் தவிர ஒருவர்கூட மிஞ்சவில்லை! ஜோர்டான் இல்லாத முதல் சீசனில் புல்ஸ் 55 ஆட்டம் வென்றது. அவர் இருந்த முந்தைய சீசனில் 57. பிளேஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் நாக்-அவுட் தொடர்களில்) நியூயார்க்கிடம் ஏழாவது ஆட்டம் வரை போய்த்தான் தோற்றது. உண்மையான அடி அதற்கப்புறம்தான் விழுந்தது. புல்ஸின் ஹொரஸ் கிராண்ட் ஆர்லாண்டோ அணிக்குப் போய்விட்டார், ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுக்க ஆள் இல்லை. 1995 மார்ச்சில் ஜோர்டான் திரும்பியபோது அணி 34 வெற்றி, 31 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் ஆர்லாண்டோவுடன் நடந்த முதல் பிளேஆஃப் ஆட்டத்தின் கடைசி நொடிகளை யூடியூபில் பாருங்கள். புல்ஸ் 91-90 என்று முன்னிலை. 45-ஆம் எண் ஜெர்சியில் ஜோர்டான் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். பின்னாலிருந்து ஆர்லாண்டோவின் நிக் ஆண்டர்சன் ஒரு தட்டு. பந்து அவருடைய அணித்தோழர் ஹார்டவே கைக்குப் போகிறது, அங்கிருந்து கூடைக்கடியில் நிற்பவருக்கு, எம்பிக் கூடைக்குள் ஒரே திணிப்பு, டங்க். அடித்தது யார் தெரியுமா? அதே கிராண்ட்! அடுத்த ஆட்டத்தில் ஜோர்டான் பழைய 23-க்கு மாறினார். தொடரோ 4-2 என்று கைவிட்டுப் போனது.

அந்தத் தோல்விதான் அணியின் ஓட்டையை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அக்டோபரில் வில் பெர்டூவைக் கொடுத்து ரீபவுண்டுக்குப் பெயர்போன டென்னிஸ் ராட்மனை வாங்கினார்கள். ஜோர்டானின் இடத்தை நிரப்ப 1994-இல் எடுத்த ரான் ஹார்ப்பர் அவருக்கே பக்கத்துணை ஆனார். பிறகு நடந்தது தெரிந்ததுதான்: அந்த சீசனில் 72 வெற்றி, 10 தோல்வி. அதிலிருந்து மூன்று சீசனும் ஜோர்டான் 82 லீக் ஆட்டங்களில் ஒன்றையும் விடவில்லை, கடைசி சீசனில் வயது 35. இடையில் ஓய்வு கிடைத்திராவிட்டால் அது நடந்திருக்குமா?

(பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 1959 முதல் 1966 வரை எட்டு வென்றதே என்பீர்கள். அப்போது லீக்கில் மொத்தமே எட்டு ஒன்பது அணிகள். அதற்கப்புறம் தொடர்ந்து நான்கு வென்றவர்கள்கூட இல்லை.)

சரி, 1994-க்கு மட்டும் வேண்டுமானால் ஒரு கோப்பை எழுதித் தருகிறேன், அப்போது கிராண்ட் இருந்தார். ஆனால் இறுதித் தொடரில் ஹூஸ்டன் அணியின் நெட்டை வீரர் ஒலாஜுவானை யார் தடுத்திருப்பார்கள் என்று கேட்டால் நானும் கொஞ்சம் முழிப்பேன்.