கொள்ளுப்பாட்டிக்கு மறதி நோய், வீட்டில் சின்னப் பிள்ளைகள்: கேள்வி பதில்

நான் முதியோர் செவிலியர். சென்னையில் வீடுகளுக்குப் போய் மறதி நோய் உள்ளவர்களைக் கவனிப்பதும், கூட இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. நான்கு தலைமுறை ஒன்றாக இருக்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மாத்திரை அளவு, சொத்து, உயில் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா: எங்கள் பெரிய ஆயாவுக்கு 88 வயது, அல்சைமர் என்ற மறதி நோய். என் 5 வயது மகளை, எப்போதோ இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பிள்ளை "நான் அது இல்ல" என்று அழுகிறாள். திருத்துவதா, விட்டுவிடுவதா?

ஆயாவை விட்டுவிடுங்கள். பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

புதிதாகப் பார்த்ததையும் கேட்டதையும் பதிந்துகொள்ள உதவும் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அங்கேதான். வெளியில் மறதி தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளைக்குள் நோய் தொடங்கிவிடும். அதனால் உங்கள் மகள் பிறந்தபோதே அவள் பெயர் ஆயாவின் மனதில் சரியாகப் பதிந்திருக்காது. எண்பது வருடத்துக்கு முன் கூட விளையாடிய தங்கை அழுத்தமாகப் பதிந்திருக்கிறாள். வீட்டில் ஓடியாடும் இந்தச் சின்னப் பெண் தனக்கு வேண்டியவள் என்பது ஆயாவுக்குப் புரிகிறது. கைக்கு எட்டுகிற பெயரை எடுத்துக் கூப்பிடுகிறார்.

மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆயாவோட மூளைக்கு உடம்பு சரியில்ல. புதுசா கேக்கற பேரு அதுல நிக்க மாட்டேங்குது. உன்னைப் பிடிக்காம இல்ல. நீ எதுவும் பண்ணலை." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நாலைந்து வயதில், தான் கோபப்பட்டதால்தான் பாட்டிக்கு இப்படி ஆனது என்று பிள்ளைகள் நிஜமாகவே நம்பிவிடுவார்கள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அந்தப் பெயருக்கு அவள் "என்ன ஆயா" என்று கேட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே போதும்.

வேளச்சேரி: 4 வயதுப் பையன் கொள்ளுத்தாத்தா தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறான். தொற்றிக்கொள்ளுமா?

தொற்றாது. சாப்பிடட்டும்.

தாம்பரம்: மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையை 5 மி.கி.யிலிருந்து 10 ஆக்கலாமா? அப்புறம், பாட்டிக்குச் சளி, பேத்திக்கும் சளி. ஒரே மருந்து கொடுக்கலாமா?

முதல் கேள்வி உங்கள் நரம்பியல் மருத்துவருக்கு.

இரண்டாவதற்கு: கொடுக்காதீர்கள். எல்லா வீட்டிலும் நான் சொல்கிற எச்சரிக்கை இது. கடையில் சும்மா வாங்குகிற சளி மாத்திரையிலும் இருமல் டானிக்கிலும் குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமின் மாதிரி தூக்கம் வரவைக்கும் மருந்துகள் இருக்கும். மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் குறையாமல் காக்கத்தான் டோனெபெசில் கொடுக்கிறார்கள். இந்தச் சளி மருந்து அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது. காலையில் ஒன்றைக் கொடுத்து ராத்திரி அதற்கு எதிரானதைக் கொடுத்தால் பாட்டி குழம்பித்தான் போவார். பாட்டியின் மாத்திரை டப்பா பேத்தியின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

திருவல்லிக்கேணி: பேத்திக்கு 7 வயது, கொள்ளுப்பாட்டிக்கு 90. இருவரும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள், பேச ஒன்றுமில்லை. என்ன செய்ய வைக்கலாம்?

இந்தக் கேள்விதான் வர வேண்டும் என்று காத்திருந்தேன். பேச வைக்காதீர்கள், வேலை செய்ய வையுங்கள்.

பெயரும் தேதியும் போன பிறகும் கை பழகிய வேலை நெடுநாள் நிற்கும். அந்த நினைவு மூளையில் வேறு பகுதிகளைச் சார்ந்தது. உங்கள் பக்கத்திலேயே நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். அந்தப் பாட்டிக்குக் காலை டிபன் சாப்பிட்டது நினைவில்லை, மகன் யாரென்று தெரியவில்லை. மருமகள் கால் கிலோ உதிரி மல்லியும் வாழைநாரும் வாங்கிவந்து முன்னால் வைத்தார். பாட்டி நாரைத் தண்ணீரில் நனைத்தார், கால் கட்டைவிரலில் மாட்டினார், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். கொள்ளுப்பேத்தி இரண்டிரண்டு மொட்டாக எடுத்துக் கொடுத்தாள். "காம்பு ஒடியாம எடுடி" என்று ஒரு அதட்டல் வேறு. பெயர் தெரியாத பிள்ளையைப் பாட்டி உரிமையோடு அதட்டினார். பிள்ளைக்கு அன்று ரொம்ப சந்தோஷம். கட்டி முடித்த சரத்தைப் பாட்டியே அவள் தலையில் வைத்துவிட்டார்.

பூ கட்டத் தெரியாதவர் என்றால் கீரை ஆயலாம், பட்டாணி உரிக்கலாம், துவைத்த துணியை மடிக்கலாம். பழைய பாட்டு தெரிந்தவர் என்றால் முதல் வரியைப் பிள்ளை பாடட்டும். அடுத்த வரி பாட்டியிடமிருந்து வர நிறைய வாய்ப்பு உண்டு. தாத்தாக்களுக்குத் தேங்காய் நார் உரிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. பல்லாங்குழியும் நல்லது, ஆனால் 3 வயதுக்குக் கீழே ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தால் புளியங்கொட்டையையும் சோழியையும் வெளியே எடுக்கவே கூடாது. பாட்டிகளும் அதை வாயில் போட்டுக்கொள்வதுண்டு.

ஒரு வேளைக்குக் கால் மணி நேரம் போதும். பிள்ளை எழுந்து போனால் போகட்டும். தப்பாக மடித்த துணியை அவர் கண் முன்னால் பிரித்து மடிக்காதீர்கள்.

ஆதம்பாக்கம்: "நான் யாருன்னு சொல்லு பாட்டி" என்று பேரன் கேட்டு, பாட்டி சரியாகச் சொன்னால் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பாட்டிக்கு மூளைப் பயிற்சிதானே?

பயிற்சி இல்லை. நிறுத்திவிடுங்கள்.

சரியாகச் சொல்லாத நாட்களில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். சுற்றி நாலு முகம், ஒரு செல்போன், எல்லாரும் ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். தனக்கு ஏதோ தெரியவில்லை என்பது மட்டும் பாட்டிக்குத் தெரியும். அந்த அவமானம், கேள்வி மறந்த பிறகும் மனதில் தங்கும். பேரனுக்கோ, பாட்டி தேறினால்தான் அன்பு, தேறாவிட்டால் ஏமாற்றம் என்று பழகிவிடும். யாரும் பரீட்சை வைக்காதீர்கள். பேரன் உள்ளே வரும்போது "பாட்டி, நான் உங்க கொள்ளுப்பேரன் வந்திருக்கேன்" என்று அவனே சொல்லிவிட்டு உட்காரட்டும்.

மொகப்பேரிலிருந்து ஓர் ஆசிரியை: பெரிய பாட்டி "எங்க அம்மா எங்கே?" என்று கேட்டால் "கடைக்குப் போயிருக்காங்க" என்று சொல்லும்படி என் 6 வயது மகளுக்கு மாமியார் சொல்லிக்கொடுக்கிறார். அந்த அம்மா இறந்து 50 வருடம் ஆகிறது. பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதா?

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. "அவங்க செத்துப் போயிட்டாங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் பாட்டிக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு. மாமியார் அதைத் தவிர்க்கப் பார்க்கிறார். ஆனால் அந்தச் சுமையை 6 வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்லட்டும்.

ராயப்பேட்டை (இதைப் படித்துவிட்டு): பெரியவர்கள் சொன்னாலும் பொய் பொய்தான். பிள்ளை கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது? நாளைக்கு நம்மிடமே சொல்லும்.

அசோக் நகர் (அவருக்குப் பதிலாக): எங்கள் தாத்தாவிடம் பாட்டி இறந்ததை உண்மையாகச் சொன்னோம். அன்று முழுக்கச் சாப்பிடாமல் அழுதார். மறுநாள் மறுபடி "அவ எங்கே" என்று கேட்டார். ராயப்பேட்டைக்காரர் ஒரு வாரம் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

இதைப் பற்றி இன்னும் பலர் எழுதிவிட்டீர்கள், மற்ற கேள்விகள் காத்திருக்கின்றன. ஆனாலும் இது முக்கியம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பொய்யும் வேண்டாம், சாவுச் சேதியும் வேண்டாம். 90 வயதில் ஒருவர் அம்மாவைத் தேடுகிறார் என்றால் பயமாகவோ, பசியாகவோ, சிறுநீர் கழிக்க வேண்டியோ இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் அந்த அம்மாவைப் பற்றியே கேளுங்கள்: "உங்க அம்மா என்ன நல்லா சமைப்பாங்க பாட்டி?" "அம்மா ஞாபகம் வந்துடுச்சா?" இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வத்தக்குழம்பு, உளுந்தங்கஞ்சி, ஏதோ ஒன்றைச் சொல்வார், குரல் தணியும். இதை 6 வயதுப் பிள்ளையும் கேட்கலாம், நன்றாகவே கேட்கும்.

அசோக் நகர் சொல்வதும் உண்மை. ராத்திரி இரண்டு மணிக்கு வாசல் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பவரிடம் "காலைல வருவாங்க" என்று மகள் சொன்னால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ராயப்பேட்டை அன்பர் கேட்டதற்கும் பதில் வேண்டும். பிள்ளை அதைக் கேட்டுவிட்டால் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "பெரிய பாட்டி பயந்திருந்தாங்க, அதான் அப்படிச் சொன்னேன். உங்கிட்ட நான் உண்மையைத்தான் சொல்வேன்" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் புரியும். நாம் விளக்காமல் விட்டால்தான் குழப்பம்.

கே.கே. நகர்: சாயங்காலம் ஆனால் தாத்தா "வீட்டுக்குப் போகணும்" என்று கத்துகிறார். குழந்தை பயந்து ஒளிகிறது.

பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போடுங்கள், நிழல் விழாமல். அந்த நேரத்தில் குழந்தையின் கார்ட்டூனும் சீரியலும் மிக்சியும் ஒன்றாக ஓட வேண்டாம். குழந்தையும் தாத்தாவும் சேர்ந்திருக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். ஒளிகிற குழந்தையை இழுத்துவந்து முத்தம் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

மடிப்பாக்கம்: எப்போதும் சாதுவான பாட்டி முந்தாநாள் முதல் பேயடித்த மாதிரி இருக்கிறார், பேரனைக் கிள்ளிவிட்டார். நோய் முற்றிவிட்டதா?

இன்றே மருத்துவரிடம் போங்கள். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும். இரண்டு நாளில் ஆள் மாறினால் வேறு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புது மருந்து. பலவற்றைச் சரிசெய்துவிடலாம்.

எல்லாருக்குமாகச் சொல்கிறேன்: சின்னப் பிள்ளையையும் மறதி நோய் உள்ளவரையும் ஒருவருக்கு ஒருவர் காவலாக விட்டுவிட்டு மாடிக்குத் துணி எடுக்கக்கூடப் போகாதீர்கள்.

வில்லிவாக்கம்: கொள்ளுத்தாத்தாவுக்குப் பேரனை அடையாளம் தெரியவில்லை…
சூளைமேடு: பெயர் மாற்றிக் கூப்பிடுகிறார்…
போரூர்: ஞாபகம் வர என்ன கேள்வி கேட்கலாம்…

பெரம்பூருக்கும் ஆதம்பாக்கத்துக்கும் சொன்ன பதில்தான். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள். போரூர்: ஞாபகத்தைச் சோதிக்கும் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம்.

மேற்கு மாம்பலம்: அபார்ட்மெண்ட் பிள்ளைகள் "உங்க வீட்டுல பைத்தியம் இருக்கு" என்று மகனைக் கேலி செய்கிறார்கள்.

மனசு கஷ்டமாக இருக்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தப் பிள்ளைகளின் வீடுகளிலும் இருக்கலாம், கதவைச் சாத்திவைத்திருப்பார்கள். பெற்றோர்களிடம் நீங்களே நேரில் பேசுங்கள். மகனுக்குச் சொல்ல ஒரு வரி கொடுங்கள்: "எங்க பாட்டிக்கு மூளைல நோய், அதுக்கு அல்சைமர்னு பேரு." நோயின் பெயர் தெரிந்த பிள்ளை தலைகுனிந்து நிற்காது.

அம்பத்தூர்: பாட்டிக்கு 84 வயதில் வந்தது. என் மகனுக்கும் வருமா?

முதுமையில் வரும் அல்சைமர் அப்படி நேராக இறங்குவதில்லை. ஏபிஓஈ-4 என்ற மரபணு வகை வாய்ப்பைக் கூட்டும், ஆனால் அது இருந்தும் வராதவர்கள் நிறைய. நடுவயதிலேயே வந்து தலைமுறைதோறும் தொடரும் வகை மிக அரிது. மகனை விடுங்கள், உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள்.

சைதாப்பேட்டை: சென்னையில் எங்கே போவது?

அண்ணா நகரில் ஸ்கார்ஃப் (SCARF) என்ற மனநலத் தொண்டு நிறுவனம், கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் முதியோர் பிரிவு. முதியோர் உதவி எண் 14567.

ஆவடி: கொள்ளுத்தாத்தாவுக்கு அடுத்த மாதம் 90. மண்டபம் பிடித்து, பிள்ளைகளை மேடையில் ஆடவைத்துக் கொண்டாடலாமா?

மண்டபம் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். வீட்டிலேயே, காலை பத்து மணிக்கு, அவர் தூங்கி எழுந்து சாப்பிட்டு நிதானமாக இருக்கும்போது வையுங்கள். நாலைந்து பேராக உள்ளே வரட்டும், ஒவ்வொருவரும் தன் பெயரையும் உறவையும் சொல்லிவிட்டு உட்காரட்டும். ஒரு அறையைச் சத்தமில்லாமல் அவருக்காக ஒதுக்கிவையுங்கள். பாயசத்தைக் கொள்ளுப்பிள்ளைகள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள், ஆறவைத்து, சின்ன டம்ளரில். களைத்துவிட்டார் என்று தெரிந்தால் போட்டோ பாக்கி இருந்தாலும் படுக்கவைத்துவிடுங்கள்.