ஒரே மாநகராட்சி, இரண்டு தொகுதி: திண்டலுக்குக் குடிபோனவரின் ஓட்டு எங்கே?

ஈரோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: "வீரப்பன்சத்திரத்தில் எங்களுக்குச் சொந்த வீடும் அதை ஒட்டி விசைத்தறியும் உள்ளன. தறியை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகளின் படிப்புக்காக நானும் மனைவியும் திண்டலில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு இடமும் ஒரே மாநகராட்சிதான். ஓட்டு பழைய இடத்திலேயே இருந்தால் தவறா? இன்னொன்று, கல்லூரியில் படிக்கும் மகள் ஈரோட்டின் தேர்தல் முடிவுகளைத் தொகுக்கிறாள். பழைய ஈரோடு தொகுதியையும் இப்போதைய ஈரோடு கிழக்கையும் ஒரே வரிசையில் போடலாமா?"

ஓட்டை மாற்றத்தான் வேண்டும், ஐயா. வீரப்பன்சத்திரம் ஈரோடு கிழக்கு, திண்டல் ஈரோடு மேற்கு. ஊர் ஒன்றாக இருந்தும் தொகுதி ஏன் இரண்டு என்பது புரிந்தால், மகளின் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

2006 வரை ஈரோடு என்பது ஒரே சட்டமன்றத் தொகுதி. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நடந்த தொகுதி மறுசீரமைப்பு 2008-இல் நடைமுறைக்கு வந்தபோது அது மறைந்து, கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிறந்தன. கிழக்கின் எல்லையைச் சொல்லும் பட்டியல் மிகச் சிறியது: பிராமண பெரிய அக்ரகாரம், வீரப்பன்சத்திரம், பழைய ஈரோடு நகரம். திண்டல், சித்தோடு, நசியனூர் எல்லாம் மேற்கில் சேர்ந்தன. அப்போது வீரப்பன்சத்திரம் தனி உள்ளாட்சி. திண்டல் தனிக் கிராமம். பிறகு 2011-இல்தான் மாநகராட்சி விரிந்து இந்த இரண்டையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. மாநகராட்சி எல்லை மாறியதால் சட்டமன்றக் கோடு நகரவில்லை. வீட்டுவரி ரசீதைப் பார்த்துத் தொகுதியை முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

சொந்த வீடு பழைய இடத்தில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே குடியிருப்பவராகிவிட மாட்டார். எங்கே வழக்கமாக வசிக்கிறாரோ, அங்கேதான் அவருடைய ஓட்டு. இரண்டு தொகுதிகளில் பெயர் இருக்கக் கூடாது என்கிறது 17-ஆவது பிரிவு. ஆகவே திண்டலில் புதிதாகப் பெயர் சேர்க்க படிவம் 6 கொடுத்துவிடாதீர்கள். அது முதல்முறை வாக்காளர்களுக்கானது. அதைக் கொடுத்தால் உங்கள் பெயர் இரண்டு இடங்களில் ஏறிவிட வாய்ப்புண்டு. உங்களுக்கு உரியது படிவம் 8. 2022 ஆகஸ்ட் முதல், தொகுதி விட்டுத் தொகுதி மாறுவதற்கும் இதே படிவம்தான். வாக்காளர் அட்டையில் உள்ள எண் மாறாது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறும். ஆதாரில் புதிய முகவரி ஏறியிருந்தால் அதுவே போதும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டுவதானால் அது பதிவு செய்ததாக இருக்க வேண்டும். மனைவிக்குத் தனிப் படிவம். நாடாளுமன்றத்துக்குக் கவலையில்லை, கிழக்கும் மேற்கும் ஈரோடு மக்களவைத் தொகுதிக்குள்ளேயே வருகின்றன.

இனி மகளின் கேள்வி. பழைய ஈரோட்டையும் கிழக்கையும் ஒரே பட்டியலில் எழுதலாம். ஆனால் 2008-இல் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலுள்ள எண்களைக் கீழே உள்ளவற்றோடு கழித்துக் கூட்டக் கூடாது. வாக்களித்த மக்களே வேறு. 2006-இல் வென்ற கட்சி 2011-இல் இத்தனை சதவீதம் இழந்தது என்று எழுதினால், அதில் எவ்வளவு மனமாற்றம், எவ்வளவு எல்லை மாற்றம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கோட்டுக்குக் கீழே வந்த பிறகும் கவனம் வேண்டும். கிழக்கில் 2011 முதல் 2025 வரை இரண்டு இடைத்தேர்தல்கள் உட்பட ஐந்து தேர்தல்கள் நடந்துள்ளன. 2011-இல் தேமுதிகவின் வி.சி.சந்திரகுமார் திமுகவின் சு.முத்துசாமியை வென்றார். அதைத் தேமுதிகவின் கோட்டை என்று படித்தால் தவறு; அக்கட்சியின் முரசுச் சின்னத்துக்குப் பின்னால் அப்போது அதிமுக கூட்டணியின் வாக்குகள் நின்றன. 2016-இல் அதே சந்திரகுமார் தேமுதிகவிலிருந்து பிரிந்து வந்து திமுகவின் உதயசூரியன் சின்னத்தில் நின்று, அதிமுகவின் தென்னரசுவிடம் தோற்றார். 2021-இல் காங்கிரசின் திருமகன் ஈவெரா 8,904 வாக்குகளில் வென்றார். எதிரே அதிமுகவின் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற யுவராஜா தமிழ் மாநில காங்கிரஸைச் சேர்ந்தவர். எனவே மகள் தன் அட்டவணையில் வேட்பாளரின் கட்சிக்கு ஒரு பத்தி, சின்னத்துக்கு ஒரு பத்தி, கூட்டணிக்கு ஒரு பத்தி என்று பிரித்தே ஆக வேண்டும். இதைச் செய்யாத பட்டியல்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எண்கள் சரியாக இருந்தும் கதை தவறாகிவிடுகிறது.

திருமகன் மறைந்ததால் 2023-இல் இடைத்தேர்தல். அவருடைய தந்தை ஈ.வி.கே.எஸ்.இளங்கோவன் 66,233 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2024 டிசம்பரில் அவரும் மறைய, 2025 பிப்ரவரியில் மீண்டும் தேர்தல். இம்முறை சந்திரகுமார் திமுக வேட்பாளராகவே நின்று தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அதிமுகவும் பாஜகவும் அந்தத் தேர்தலைப் புறக்கணித்திருந்தன. 8,904-இலிருந்து தொண்ணூறாயிரம் வரை வளர்ச்சி என்று வரைபடம் போட்டால், களத்தில் யார் இல்லை என்பது அதில் தெரியாது. இடைத்தேர்தல்களைத் தனி நிறத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் படிவம் 20-ஐத் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் அதில் வரிசையாக இருக்கும். தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். அக்ரகாரம் எப்படி வாக்களித்தது, உங்கள் தறி இருக்கும் தெரு எப்படி வாக்களித்தது என்று அதில்தான் பார்க்க முடியும். ஆனால் சாவடி எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 45-ஆம் எண்ணை 45-ஆம் எண்ணோடு ஒப்பிடாமல், சாவடிப் பட்டியலை எடுத்துப் பள்ளியின் பெயரையும் தெருவின் பெயரையும் வைத்துப் பொருத்த வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் அந்த ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் படிவம் 8-ஐ மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் மாற்றம் செய்ய முடியாது. விசாரணைக்கும் நாள் பிடிக்கும். சந்தேகம் வந்தால் 1950 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது திண்டலில் உங்கள் தெருவுக்குரிய வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பாருங்கள்.